பதினான்கு மாடுகளும் நான்கு நாள் கடலும்

நோவெல்லாரா,
17 ஏப்ரல் 1966

எர்மெஸ் அண்ணாவுக்கு,

நீ அனுப்பிய தபால் அட்டையை அப்பா வியாழக்கிழமை மத்தியானம் மேசைமேல் கவிழ்த்து வைத்தார். சாயங்காலம் தட்டு எடுத்து வைக்கப் போனேன். அட்டை நிமிர்ந்து கிடந்தது. கடலும் கோடு போட்ட குடைகளும் மேலே தெரிந்தன. அம்மா அப்போது கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். நான் தொழுவத்திலிருந்து அப்போதுதான் வந்தேன். வீட்டுக்குள் இருந்தது அப்பா மட்டும்தான்.

இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை எழுதச் சொன்னார்கள், இல்லாத ஒரு மாமாவுக்கு. இருக்கிற அண்ணனுக்கு எழுதுவது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு அட்டை. அதில் மூன்று வரி. நலம், செப்டம்பரில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன், பெண் பெயர் லொரெத்தா. அம்மா அதை மூன்று தடவை சத்தமாகப் படித்தாள். மூன்றாவது தடவை அழுதாள். அப்பா சூப்பைக் குடித்துக்கொண்டே, "யாரு வீட்டுப் பொண்ணாம்?" என்றார்.

"அட்டையில அவ்வளவுதான் இருக்கு. மீதியை நீங்களே போய்க் கேளுங்க" என்றாள் அம்மா.

அப்பா எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார். ஆனால் கேட்டார், அண்ணா. அதுதான் நான் சொல்ல வந்தது.

லொரெத்தா சமைப்பாளா என்று அம்மா கேட்கிறாள். அவள் அதிகம் பேசுவாளா என்று எனக்குத் தெரிய வேண்டும். நிறையப் பேசுகிறவர்கள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உனக்குத்தான் தெரியுமே.

நெரீனா


பெல்லாரியா,
23 ஏப்ரல்

நெரீனா, என் எலிக்குட்டியே,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். நீயாக எழுதினாய் என்று தெரிந்ததும் சமையலறையில் எல்லோருக்கும் காட்டினேன். ஆமாம், லொரெத்தா பேசுவாள். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்தான் மூச்சு விடுவாள். நீ பேச வேண்டிய அவசியமே இருக்காது. உங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும்.

அவள் நான் வேலை பார்க்கும் எடேரா விடுதியின் முதலாளி மகள். முதலாளி பெயர் துயீலியோ. பதினெட்டு அறை, முன்னால் மணல், மணலில் இரண்டு வரிசைக் குடை. சமையல் அவரே செய்கிறார், வேறு யாரையும் அடுப்புப் பக்கம் விட மாட்டார். கல்யாணம் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்பா அம்மா இல்லாம வானத்துலேர்ந்து குதிச்சியாடா நீ? ஒன்றரை வருஷமா பாக்கறேன், ஒரு கடுதாசி வரல, ஒரு ஆள் வரல. குடும்பம் இல்லாதவனுக்குப் பொண்ணைக் குடுத்துட்டு நான் ஊர்ல எப்படி நடக்கறது?"

"இருக்காங்க" என்றேன்.

"இருந்தா வரட்டும். என் மேசையில உக்காந்து சாப்பிடட்டும். நாலு நாள் தங்கட்டும். உன் அப்பாவோட முகத்தைப் பாத்துட்டு நான் சொல்றேன்."

இதுதான் விஷயம். அப்பா வந்தால் கல்யாணம், வராவிட்டால் இல்லை. அறை இலவசம். ஆனால் ஜூன் பத்துக்கு முன்னால் வர வேண்டும். அதற்கு மேல் கோடை விடுமுறைக்கு மிலானோக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிவிடுவார்கள். அப்புறம் கழிப்பறையில்கூட இடம் இருக்காது.

அப்பாவுக்கு நான் எழுத மாட்டேன். நான் என்ன கொலையா செய்தேன்? கறவை இயந்திரம் வாங்க அவரைக் கேட்காமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன், அவ்வளவுதான். அதை அவர் ஊரே பார்க்கத் திருப்பி வண்டியில் ஏற்றிவிட்டார். ஏற்றிய விதத்தைப் பார்த்தால் என்னையும் சேர்த்து ஏற்றுவதுபோலத்தான் இருந்தது. அந்த இயந்திரத்தையே பக்கத்து வீட்டு ப்ரீமோ வாங்கிக்கொண்டாராமே. அவர் மாடுகள் என்ன செத்தா போய்விட்டன?

முதலாளி அழைக்கிறார் என்று மட்டும் அப்பாவிடம் சொல். நான் கேட்டேன் என்று சொல்லாதே.

எர்மெஸ்


நோவெல்லாரா,
1 மே

அண்ணா,

அந்த நான்கு நாளைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

முதல் புல் இப்போதுதான் அறுக்கும் பக்குவத்துக்கு வருகிறது. மழை இல்லாவிட்டால் மே கடைசிக்குள் உள்ளே வந்துவிடும். கொன்டெஸா செப்டம்பர் பதிமூன்றில் சினைப்பட்டது. ஒன்பது மாதமும் பத்து நாளும் கூட்டினால் ஜூன் இருபத்து மூன்று. போன தடவை ஒரு வாரம் முன்னாலேயே ஈன்றுவிட்டது, அதனால் பதினைந்துக்கு மேல் அப்பா அதை விட்டு நகர மாட்டார். இரண்டாவது அறுப்பும் அப்போதுதான் வரும். ஆகவே ஜூன் இரண்டாம் தேதி வியாழக்கிழமை போய், ஆறாம் தேதி திங்கட்கிழமை திரும்பலாம். வருடத்தில் வேறு எந்த நான்கு நாளும் இல்லை. வந்தால் இதுதான்.

இதை ஒரு தாளில் எழுதிச் சாப்பிடும்போது அப்பா தட்டுப் பக்கத்தில் வைத்தேன். வாயால் சொல்ல வரவில்லை. அப்பா படித்தார்.

"புல்லு சரி. கொன்டெஸா சரி. கறக்கறது யாரு?"

நான் ரொட்டியைப் பிய்த்தேன்.

"காலைல ஆறுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் பாலுக்காக சீஸ் கூடத்து வண்டி வாசல்ல நிக்கும். அவன்கிட்ட என்ன சொல்லட்டும், நாங்க கடல் பாக்கப் போயிருக்கோம்னா? மாடுங்க கிட்ட போய், 'நாலு நாள் பொறுத்துக்கோங்க'ன்னு நீயே சொல்லிட்டு வா."

"கோவமா சொல்றாரா, கணக்குப் போட்டு சொல்றாரா?" என்று அம்மா பிறகு என்னைக் கேட்டாள். கணக்குப் போட்டுத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். தாளைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நம்மிடம் இப்போது கறவையில் பதினான்கு மாடு. அப்பாவுக்கு ஏழு, எனக்கு ஏழு. அம்மாவுக்கு மணிக்கட்டு வலி இன்னும் போகவில்லை, அவளால் கறக்க முடியாது. ஒன்று செய்யலாம். நானும் அம்மாவும் மட்டும் வருகிறோம். அம்மா துணிச்சலாக இருக்கிறாள். நீச்சல் உடை வேண்டுமா என்று ப்ரீமோ வீட்டுச் செலிந்தா அக்கா கேட்டதற்கு, "எனக்கா? கோழிகூடச் சிரிக்கும்டி" என்றாள். ஆனால் கேட்டதில் அவளுக்குச் சந்தோஷம்.

நெரீனா


பெல்லாரியா,
9 மே

நெரீனா,

நீயும் அம்மாவும் மட்டும் என்றால் வர வேண்டாம். வந்து பிரயோஜனமில்லை. துயீலியோ கேட்பது அப்பாவை. "அப்பன்காரன் வரலைன்னா என்ன அர்த்தம்? பையன்கிட்ட ஏதோ இருக்குன்னு அர்த்தம்" என்று நேற்றுக்கூடச் சொன்னார். லொரெத்தா அழுதுகொண்டே இருக்கிறாள். அவள் அழும்போதும் பேசுகிறாள்.

உங்களுக்கெல்லாம் கண் இல்லையா? வேலிக்கு அந்தப் பக்கம் ப்ரீமோ இருக்கிறார், அவரிடம் இயந்திரம் இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அதைத் தள்ளிக்கொண்டு வந்தால் முடிந்தது. அந்தக் குழாய் தன் தொழுவத்துக்குள் நுழையக் கூடாது என்று அப்பா சொல்வார், தெரியும். அதனால் அப்பாவைக் கேட்காதே. நேராக ப்ரீமோவைப் போய்க் கேள். உனக்கு வாய் இல்லையா? ஒரு வாக்கியம் பேச எத்தனை நாள் யோசிப்பாய்? உனக்கென்ன கவலை, ஏழு மாட்டைக் கறந்தால் உன் வேலை முடிந்தது. நான் இங்கே மூன்று மாடி ஏறி இறங்கித் தட்டு தூக்குகிறேன்.

ஜூன் இரண்டு என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு அறை, கடல் பக்கம். பொய்யாகிவிடக் கூடாது.

எர்மெஸ்


நோவெல்லாரா,
15 மே

எர்மெஸ்,

அது என் ஏழு மாடு இல்லை. உன் ஏழு மாடு.

நீ போன அன்றைக்குக் காலையில் உன் பக்கத்து மாடுகள் எல்லாம் கத்தின. அப்பா தன் வரிசையை முடித்துவிட்டு உன் பக்கம் வந்து நின்றார். வண்டி வந்துவிட்டது. "எர்மெஸ் எங்க?" என்று வண்டிக்காரர் கேட்டார். "காய்ச்சல்" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பையை இறக்கி வைத்துவிட்டு உன் மோரா மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்குக் கணக்குப் பரீட்சை. ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

போகாதே என்று அப்பா சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது தடவை வரவில்லை.

நீ இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டதற்காக அப்பா கோபமாக இல்லை. நீ போனதற்காகக்கூட இல்லை. கறக்காமல் போனாய். அதுதான்.

ப்ரீமோ வீட்டுக்கு நான் போகவில்லை என்று நினைக்காதே. மூன்று தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் செலிந்தா அக்காதான் கதவைத் திறந்தாள். "என்ன வேணும்?" என்றாள். தீப்பெட்டி வேண்டும் என்றேன். மூன்றாவது தடவை, "என்னடி பொண்ணே, மறுபடியும் தீப்பெட்டியா? வீட்டைக் கொளுத்தப் போறியா?" என்றாள். எங்கள் வீட்டில் இப்போது மூன்று தீப்பெட்டி கூடுதலாக இருக்கிறது.

உனக்கு வாய் இருக்கிறது. நீ ஏன் அப்பாவிடம் பேசவில்லை?

நெரீனா


பெல்லாரியா,
21 மே

நெரீனா,

இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துப் போட்டேன்.

எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. தெரியாது என்பதும் ஒரு பதிலா? அன்றைக்குச் சண்டையில், "உனக்குப் பதிலா நாளைக்கே ஆள் வெப்பேன்டா" என்று கத்தினார். வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாய் என்றே இத்தனை நாளும் லொரெத்தாவிடம் சொல்லி வந்தேன். என் தங்கை கணக்கில் கெட்டிக்காரி என்று சொன்னேன்.

உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். அவள் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அப்புறம் கேட்டாள், "உனக்குக் கறக்கத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப நீ போய்க் கற. அவங்க இங்க வரட்டும்."

அவ்வளவு சுலபம், நெரீனா. யாருக்கும் தோன்றவில்லை. துயீலியோவிடம் போனேன். "மாப்பிள்ளை இல்லாத சம்பந்தி விருந்தா?" என்று கரண்டியைக் கீழே போட்டார். கொஞ்ச நேரம் மீனைச் சுத்தம் செய்தார். அப்புறம், "சரிதான். உன் மூஞ்சியைத் தினமும்தான் பாக்கறேன். நான் பாக்க வேண்டியது அவங்களை" என்றார்.

ஆகவே நான் வருகிறேன். இயந்திரம் வேண்டாம். கையால் கறக்கிறேன். பதினான்கையும் ஒருவனாக முடிக்க முடியாது, வண்டி நிற்காது. செலிந்தா அக்கா கூட ஐந்தாறு மாட்டுக்கு உட்கார்ந்தால் போதும். அவளிடம் நான் எழுதிக் கேட்கலாம். ஆனால் நீ கேட்டால்தான் செய்வாள் என்று தோன்றுகிறது. முடியாவிட்டால் சொல், நானே எழுதுகிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன், கேலி இல்லை.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் கேட்டேன் என்றே சொல்.

எர்மெஸ்


நோவெல்லாரா,
26 மே

அண்ணா,

செலிந்தா அக்காவிடம் கேட்டுவிட்டேன். கதவைத் திறந்ததுமே, "தீப்பெட்டி வேண்டாம்" என்று சொன்னேன். அதற்குப் பிறகு மற்றது தானாக வந்துவிட்டது. அவள் சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "இதுக்கா இத்தனை நாள் அலைஞ்ச? எனக்கும் கை விட்டுப் போச்சு, அந்த மெஷின் வந்ததுலேர்ந்து. பழகிப் பாக்கறேன்" என்றாள். ஆறு மாடு அவள் கணக்கு.

அப்பாவுக்கு உன் கடிதத்தையே கொடுத்தேன். எல்லாவற்றையும் படித்தார். என் பள்ளிக்கூடம் பற்றி நீ எழுதியதையும் படித்தார். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னைப் பார்க்கவில்லை.

"அவனா கறக்கப் போறான்? கை மறந்திருக்கும்."

"மறந்திருந்தா மாடு ஞாபகப்படுத்தும்" என்றாள் அம்மா.

"மோரா அவனைக் கிட்ட விடாது."

"விடும். அதைக் கன்னுக்குட்டியிலேர்ந்து வளத்தது யாரு? நீங்களா?"

அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாங்கள் பாத்திரம் கழுவி முடித்தோம். திரும்பி வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, "ரயில் எத்தனை மணிக்கு?" என்றார். அம்மா கையிலிருந்த தட்டை இரண்டாவது தடவை கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா போட்ட நிபந்தனை: நீ ஒரு நாள் முன்னால் வர வேண்டும். புதன்கிழமை சாயங்காலக் கறவையும் வியாழக்கிழமை காலைக் கறவையும் அவர் கண்ணெதிரில் நடக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பயணம் இல்லை.

அம்மா கட்டிவைத்திருப்பவை: இரண்டு படுக்கை விரிப்பு (யாரோ படுத்த விரிப்பில் படுக்க மாட்டாளாம்), அப்பாவின் கல்யாணக் கோட்டு, ஒரு கோழி. கோழி உயிரோடு வருகிறது. ரயிலில் உயிரோடு எதற்கு என்றேன். "அறுத்து எடுத்துட்டுப் போனா, என்னிக்கு அறுத்ததுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறாள். பெட்டி செலிந்தா அக்காவுடையது. மழை இல்லை. புல் கிட்டத்தட்ட உள்ளே வந்துவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் நல்ல பயம்.

நெரீனா


நோவெல்லாரா, வீட்டில்,
1 ஜூன்

நெரீனா,

நீ பக்கத்து அறையில் இருக்கும்போதே உனக்குக் கடிதம் எழுதுகிறேன். இதை ரொட்டிப் பொட்டலத்துக்குள் வைத்துவிடுவேன். ரயில் மோதெனா தாண்டிப் பசித்ததும் கிடைக்கும். நேரில் சொல்ல எனக்கும் வராது. இந்த வீட்டில் உனக்கு மட்டும்தான் நாக்கு ஒட்டும் என்று நினைத்திருந்தேன்.

நீயும் அம்மாவும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது தொழுவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா என்னை ஒவ்வொரு மாடாகக் கூட்டிப் போனார். இரண்டு மணி நேரம் பேசினார், நெரீனா. அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. "இதுக்கு இடது பக்கக் காம்பு மெதுவா விடும், அவசரப்படுத்தாத." "இது தண்ணி குடிச்சப்புறம்தான் நிக்கும்." "கொன்டெஸா மடியைக் காலைலயும் சாயங்காலமும் தொட்டுப் பாரு, சூடா இருந்தா வைத்தியரைக் கூப்பிடு, யோசிக்காத." எல்லாம் மாட்டைப் பற்றித்தான். எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் போனதைப் பற்றியும் இல்லை.

அப்புறம் கறந்தேன். மூன்றாவது மாட்டிலேயே விரல் மரத்துப் போனது. தட்டு தூக்கிய கை பஞ்சாகிவிட்டது. மோரா ஒரு உதை விட்டது. நான் வாளியோடு வைக்கோலில் விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் அப்பாவின் தோள் குலுங்குகிறது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார். நான் எழுந்து திரும்ப உட்கார்ந்து கறந்து முடித்தேன். வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "ம்" என்றார்.

நாளைக் காலையும் அந்த "ம்" வந்தால் நீங்கள் போகிறீர்கள்.

இப்போது கவனமாகக் கேள். துயீலியோ நல்ல மனிதர். ஆனால் அவர் சமையலில் யாரும் கை வைக்கக் கூடாது. லொரெத்தாவுக்கு இதற்கு முன்னால் ஒரு வரன் வந்தது. செசெனாவில் கடை வைத்திருக்கிற பையன். மேசையில் உட்கார்ந்து உப்பு கேட்டான். அவ்வளவுதான், எழுந்து போகச் சொல்லிவிட்டார். இது கதை இல்லை, நானே தட்டு எடுத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் பெரிய விருந்து. எதைக் கொடுத்தாலும் அப்பா பேசாமல் சாப்பிட வேண்டும். நீ பார்த்துக்கொள்.

விருந்து முடிந்த உடனே எழுது. விரைவுத் தபாலில் போடு. ஊர் மதுக்கடைத் தொலைபேசியில் கூப்பிடாதே. அங்கே பேசினால் எனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும்.

எர்மெஸ்


பெல்லாரியா, எடேரா விடுதி,
3 ஜூன், வெள்ளிக்கிழமை மத்தியானம்

அண்ணா,

சாப்பாடு முடிந்தது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்று லொரெத்தாவின் அம்மா நோர்மா அத்தை சொல்லிவிட்டதால் எல்லோரும் படுத்திருக்கிறார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ரயிலில் விடுமுறைக் கூட்டம். அப்பா மடியில் ஒரு துணி மூட்டையை வைத்துக்கொண்டு பொலோன்யா வரை யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. அது என்ன என்று எங்களுக்கும் தெரியாது. இங்கே வந்து அவிழ்த்தால், நம் கூடத்துச் சீஸ். இரண்டு வருடப் பழசு, தலையணை அளவு துண்டு. கூடவே நம் வீட்டுத் துருவி. "அங்க துருவி எப்படி இருக்குமோ" என்றார்.

கடலைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "இந்த உப்புக் காத்துல புல்லு காயுமா?"

கோழி குடை அடுக்கும் கொட்டகையில் இருக்கிறது. இன்று முட்டை இட்டது. அம்மா அதை மூன்று பேரிடம் காட்டினாள். அப்பா விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கீழே போய் உட்கார்ந்துவிட்டார். நோர்மா அத்தை பயந்துபோய், "என்ன வேணும் அண்ணே?" என்று கேட்டாள். "ஒண்ணும் வேணாம். வேலை ஏதாவது இருக்கா?" என்றாராம். ஒரு கூடைப் பட்டாணியை உரிக்கக் கொடுத்தாள். ஆறு மணிக்கு முடித்துவிட்டு இன்னொரு கூடை கேட்டார்.

லொரெத்தாவை எனக்குப் பிடித்திருக்கிறது. நீ சொன்னது சரி, நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. சாப்பாடு வரை.

மேசையில் ஒன்பது பேர். துயீலியோ மாமா, நோர்மா அத்தை, லொரெத்தா, படகு வைத்திருக்கிற லொரெத்தாவின் பெரியப்பா ஒருவர், அவர் மனைவி, லொரெத்தாவின் தம்பி, நாங்கள் மூன்று பேர். மாமா பெரிய சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். மட்டி போட்ட ஸ்பாகெட்டி. காலையில் அவரே கடற்கரையில் நின்று சலித்தெடுத்த மட்டி. அப்பா கொண்டுவந்த சீஸை அவர் மேசை நடுவில் வைத்திருந்தார், துருவியும் பக்கத்தில் இருந்தது. கடைசியில் திராட்சை மதுவோடு சாப்பிடலாம் என்று வைத்திருக்கிறார். அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

எல்லோருக்கும் பரிமாறி முடித்தார்கள். அப்பா சீஸை இழுத்து, துருவியைக் கையில் எடுத்து, தன் தட்டின்மேல் துருவ ஆரம்பித்தார். நன்றாக, மலை மாதிரி. அப்புறம் நோர்மா அத்தை பக்கம் திரும்பி, "உங்களுக்கும் போடட்டுமா?" என்றார்.

படகுக்காரப் பெரியப்பா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "மட்டி மேலயா?" என்று அவர் மனைவி மெதுவாகக் கேட்டாள், செத்தவரைப் பற்றிக் கேட்பது மாதிரி.

"என்ன?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல மாமா" என்றாள் லொரெத்தா. "இங்க... மீனுக்கும் மட்டிக்கும் சீஸ் போடறதில்ல. பரவாயில்ல."

பரவாயில்லை என்று சொல்வதுபோல அவள் அப்பா முகம் இல்லை. கழுத்தெல்லாம் சிவந்து நின்றுகொண்டிருந்தார். எனக்கு அந்த உப்புக்காரப் பையன் ஞாபகம் வந்தது. அப்பா துருவியைக் கீழே வைத்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"எனக்குத் தெரியாது" என்றார். "எங்ககிட்ட இருக்கறதுல நல்லது இதுதான். அதான் போட்டேன்." நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போகப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் எழுந்தால் நேரே ரயில் நிலையத்துக்குத்தான் போவார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் என் தட்டை நீட்டினேன். இரண்டு பேரைத் தாண்டி நீட்ட வேண்டியிருந்தது. "எனக்கும் போடுங்கப்பா" என்றேன். சத்தம் ரொம்பப் பெரியதாக வந்துவிட்டது.

அப்பா என்னைப் பார்த்தார். உட்கார்ந்தார். துருவினார். நான் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். மற்ற எட்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார் துயீலியோ மாமா. உப்புக்காரப் பையனிடமும் அவர் இப்படித்தான் பேசியிருப்பார்.

என்ன சொல்வது என்று யோசித்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது. யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "சீஸ் ருசிதான் தெரியுது மாமா. மட்டி ருசி போயிடுச்சு."

மாமா மேசையை ஓங்கி அடித்தார். கரண்டிகள் குதித்தன. "அதான்! அதைத்தான் இருபது வருஷமா மிலானோக்காரங்ககிட்ட தொண்டை கிழியக் கத்தறேன்! 'ரொம்ப நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு'ன்னு பொய் சொல்லிக்கிட்டே கொட்டிக்கறாங்க. இந்த வீட்டுல உண்மையைச் சொன்ன முதல் வெளியூர்க்காரி இவதான்!" பெரியப்பா சிரிக்க ஆரம்பித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் கடைசியாகச் சிரித்தார்.

மாமா அப்பாவின் தட்டில் முள்கரண்டியை விட்டு ஒரு வாய் எடுத்தார். மென்றார். "மட்டி பாழ்" என்றார். பிறகு அந்தச் சீஸிலிருந்து கத்தியால் ஒரு துண்டைப் பெயர்த்து வாயில் போட்டு மெதுவாகக் கரைய விட்டார். "இதை யாரு செஞ்சது?"

"செஞ்சது கூடத்துல. பால் எங்களுது" என்றார் அப்பா. "இதுக்குள்ள இருக்கற பால்ல பாதி எர்மெஸ் கறந்தது."

அண்ணா, உன் பெயரை அவர் சொன்னார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, எட்டு பேர் முன்னால்.

துயீலியோ மாமா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, "செப்டம்பர்ல என்னிக்கு வெச்சுக்கலாம்?" என்று கேட்டார். லொரெத்தா எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள், என் தட்டில் இருந்ததெல்லாம் அவள் கவுனில்.

தேதி: செப்டம்பர் கடைசி ஞாயிறு. அதற்குள் மக்காச்சோளம் அறுத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். "அன்னிக்குக் கறக்கறது யாரு?" என்று அம்மா கேட்டாள். அப்பா ஒரு ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துக்கொண்டே, "ஒரு நாளைக்கு ப்ரீமோ அந்தக் குழாயைக் கொண்டாந்து மாட்டட்டும். ஒரு நாளைக்குத்தான்" என்றார். நீ இதை நம்ப மாட்டாய். அம்மாவிடம் கேட்டுக்கொள்.

இவ்வளவுதான் என்று முடிக்கப் போனேன். அப்பா இப்போது கீழே இறங்கி வந்திருக்கிறார், தூக்கம் வரவில்லையாம். காலணியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"யாருக்கு எழுதற?"

"அண்ணாவுக்கு."

"கொன்டெஸா மடியைத் தொட்டுப் பாத்தானான்னு கேளு."

கேட்கிறேன். தொட்டுப் பார்த்தாயா?

இன்னும் நிற்கிறார். கடலைப் பார்ப்பதுபோல நிற்கிறார், ஆனால் தாளைத்தான் பார்க்கிறார். "அதுல இடம் இருக்கா?" என்கிறார் இப்போது.

பாதித் தாள் மிச்சம் இருக்கிறது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து பேனாவை அவரிடம் கொடுக்கிறேன்.